சோயிங்கா நாடகக்காரர் மட்டும்தானா?

14 ஜூலை 2024 — கேள்வி

நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்காவுக்கு நேற்றோடு தொண்ணூறு வயது நிறைந்தது. அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் 'கவிஞர், நாவலாசிரியர், நாடகாசிரியர்' என்று மூன்று பட்டங்களைச் சேர்த்தே போடுகிறார்கள். நாடகங்களோ ஏராளம். நாவல்கள் இரண்டே இரண்டு. கவிதைகள் யாருக்கும் புரிவதில்லை. நாடகாசிரியர் என்று மட்டும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? மற்ற இரண்டும் மரியாதைக்காக ஒட்டிய பட்டங்கள் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

14 ஜூலை, இரவு

மறுக்கிறேன், தம்பி. முதலில் கணக்கைச் சரிசெய்வோம். நாவல்கள் இரண்டல்ல, மூன்று. 'பொருள் உரைப்போர்' என்று நான் தமிழாக்கிச் சொல்லும் முதல் நாவல் 1965இல் வந்தது. இரண்டாவது 1973இல் வந்தது. மூன்றாவது 2021இல், அவருக்கு எண்பத்தேழு வயது நிறைந்த பிறகு வந்தது. இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள். மனித உறுப்புகளைத் திருடிச் சடங்குகளுக்கு விற்கும் வணிகத்தை நடுவில் வைத்து, தன் நாட்டின் பெரிய மனிதர்களைக் கிழித்துத் தொங்கவிடும் ஒரு தடித்த நாவலை, அந்த வயதில் யாரும் பட்டத்துக்காக எழுதமாட்டார்கள்.

மற்றவை நாளை. மலேசியாவில் நான் இருக்கும் சுங்கை சிப்புட்டில் மாலையிலிருந்து மழை. மின்சாரம் இரண்டு முறை போய்வந்துவிட்டது.

15 ஜூலை

கவிதைகள் புரிவதில்லை என்கிறீர்கள். 'தொலைபேசி உரையாடல்' என்ற கவிதையைப் படித்தீர்களா? இங்கிலாந்தில் வாடகைக்கு அறை தேடும் ஒருவர் பொதுத் தொலைபேசியில் வீட்டுக்கார அம்மையாருடன் பேசுகிறார். வாடகை ஒத்துவருகிறது. அவ்வளவு தூரம் நேரில் வந்து ஏமாற வேண்டாம் என்று எண்ணி, தாம் ஆப்பிரிக்கர் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். மறுமுனையில் மௌனம். பிறகு, எவ்வளவு கறுப்பு என்று ஒரு கேள்வி வருகிறது.

ஆறாம் படிவத்தில் படித்தபோது இதை நகைச்சுவைக் கவிதை என்று நினைத்துச் சிரித்தேன். முப்பது ஆண்டுகள் கழித்து என் மகன் வேலைக்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் அறை தேடினான். தொலைபேசியில் வாடகை, முன்பணம், தண்ணீர்க் கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு, "நீங்கள் எந்த இனம்?" என்று மறுமுனையில் கேட்டார்கள். அவன் சொன்னதும் அறை ஏற்கெனவே போய்விட்டதாகப் பதில் வந்தது. அன்றிரவு அவனுக்கு இந்தக் கவிதையைப் படித்துக் காட்டினேன். அவன் சிரிக்கவில்லை. இதை எழுதியவர் பிறகு என்ன ஆனார் என்று மட்டும் கேட்டான். நோபல் பரிசு வாங்கினார், 1986இல், கறுப்பின ஆப்பிரிக்கர்களில் முதல்வராக, என்றேன். "அறை கிடைத்ததா?" என்று கேட்டான்.

அந்தக் கவிதையில் இருவர் பேசுகிறார்கள், இடையிடையே மௌனம் நிற்கிறது, சிவப்பு நிறத் தொலைபேசிக் கூண்டு அரங்கமாக இருக்கிறது. அது கவிதையா நாடகமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

17 ஜூலை

நேற்று முழுவதும் இன்னொரு கவிதையோடு இருந்தேன். அதன் பெயர் 'அபிகு'. சோயிங்கா பிறந்த யொரூபா இனத்தாரின் நம்பிக்கையில் அபிகு என்பது பிறந்து இறந்து, மீண்டும் அதே தாயிடம் பிறந்து இறக்கும் குழந்தை. அதை இந்த உலகத்தில் பிடித்து நிறுத்தத் தாய்மார்கள் செய்யாத சடங்கு இல்லை. உடலில் அடையாளம் இடுவார்கள், காப்பு மாட்டுவார்கள். சோயிங்காவின் கவிதையில் பேசுவது அந்தக் குழந்தையே. உங்கள் காப்புகள் வீண் என்று அது தாயைப் பார்த்து ஏளனம் செய்கிறது.

இது நமக்குப் புரியாத கவிதையா? குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்புசாமி என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்து, மூக்குக் குத்திவிட்டவர்கள் நம் பாட்டிமார்கள். யமன் இதை ஒரு பொருட்டாக எண்ணித் தூக்கிப்போகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். என் தந்தையாரின் அண்ணன் பெயர் குப்புசாமி. அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சுடுகாட்டில் இருக்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். நம்மிடம் தாயின் ஒப்பாரி இருக்கிறது. திரும்பத் திரும்ப இறக்கும் குழந்தையின் குரலில் யாரும் பாடியதாக எனக்குத் தெரியவில்லை.

17 ஜூலை, சற்றுப் பின்

மேலே எழுதியதை மனைவி படித்துவிட்டு, பெரியப்பாவுக்கு மூக்குக் குத்திய தழும்பு இருந்ததே, அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். எழுதிவிட்டேன்.

21 ஜூலை

இனி நாடகம். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'மரணமும் மன்னனின் குதிரைவீரனும்' 1975இல் அச்சேறியது. ஓயோ நகரத்தில் மன்னர் இறந்து முப்பது நாள் ஆகிறது. அவருடைய குதிரைவீரனான எலேசின் வழக்கப்படி இன்றிரவு தன் உயிரை விட்டு மன்னரோடு மறுவுலகம் செல்ல வேண்டும். சந்தைப் பெண்கள் பாட்டும் கூத்துமாக அவனை வழியனுப்புகிறார்கள். அவன் போகும் முன் சந்தையில் ஓர் அழகான பெண்ணைப் பார்த்து, அவளை மணக்க வேண்டும் என்று கேட்கிறான். அவள் வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். அப்படி நிச்சயிக்கப்பட்டவனோ சந்தையின் தலைவியான இயலோஜாவின் மகன். சாகப்போகிறவன் கேட்டதை மறுக்கக்கூடாது என்று இயலோஜா இசைகிறாள், ஆனால் எச்சரித்துவிட்டு இசைகிறாள். இதற்கிடையில் வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி பில்கிங்ஸ் துரைக்குச் செய்தி எட்டுகிறது. அவர் எலேசினைக் கைது செய்து சடங்கை நிறுத்திவிடுகிறார். இங்கிலாந்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த எலேசினின் மகன் ஒலுண்டே தந்தையைப் புதைக்க வந்தவன், தந்தை உயிரோடு நிற்பதைக் கண்டு, குடும்பத்தின் கடமையைத் தன் உயிரால் தீர்க்கிறான். எலேசின் சிறையில் தன் விலங்குச் சங்கிலியாலேயே கழுத்தை இறுக்கிக்கொள்கிறான்.

1991இல் எங்கள் தோட்டத்துக் கோயில் தீமிதித் திருவிழாவின் மூன்றாம் இரவில், இந்த நாடகத்தைச் சுருக்கித் தமிழில் மேடையேற்றினேன். அப்போது நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வயது இருபத்தொன்பது, எல்லாம் தெரிந்துவிட்ட வயது. என் கணக்கில் இது துரைக்கு எதிரான நாடகம். தோட்டத்து மக்களுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன கிடைக்கும்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கோரிக்கை வைத்தவர்கள் நம் ஆட்கள். அதன் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். என் தந்தையார் பால்வெட்டு மண்டோர், அதாவது மேற்பார்வையாளர். சைக்கிள் கதையைச் சொல்லும்போது, துரையின் கார்ச் சத்தம் வளைவில் கேட்டதுமே கால் தானாகத் தரையில் ஊன்றும் என்பார். ஆகவே என் மேடையில் பில்கிங்ஸ் முழு வில்லன், எலேசின் முழுத் தியாகி. துரை வேடத்துக்கு வெள்ளைக் காற்சட்டையும் தொப்பியும் தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டிலிருந்து இரவல் வாங்கினோம்.

அடிபட்ட இடங்கள் இரண்டு. நாடகத்தில் பில்கிங்ஸும் மனைவியும் மாறுவேட விருந்துக்குப் போவதற்காக, பறிமுதல் செய்த எகுங்குன் உடைகளை அணிந்திருப்பார்கள். எகுங்குன் என்பது இறந்த முன்னோர் ஊருக்குள் வரும் உடை. காவல்படைச் சார்ஜன்ட் அமூசா இஸ்லாமியர். அப்படியிருந்தும், மரணத்தின் உடையை அணிந்தவரிடம் மரணத்தைப் பற்றிப் பேசமுடியாது என்று நின்றுவிடுவார். இதற்கு இணையாக நான் கருப்பர் சாமியாடியின் உடுப்பைத் துரைக்குப் போடத் திட்டமிட்டேன். கோயில் தலைவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். "விளையாட்டுக்குக்கூட அந்த உடுப்பு வேண்டாம், வாத்தியாரே." எனக்குக் கோபம். பிற்போக்கு, கலை தெரியாதவர் என்றெல்லாம் நண்பர்களிடம் பொரிந்தேன். கடைசியில் பச்சை நிறச் சேலை ஒன்றைத் துரையின் மேல் சுற்றி ஒப்பேற்றினோம். அமூசா சொன்னதைத்தான் தலைவர் சொன்னார் என்பது எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாடகத்தை ஒரு வரிகூடப் படிக்காதவர் அவர். அதை மொழிபெயர்த்தவன் நான்.

இரண்டாவது அடியை அடுத்த முறை எழுதுகிறேன். இப்போதே நீண்டுவிட்டது.

22 ஜூலை

ஒரு திருத்தம். மேலே நான் நாடகம் நிகழும் காலத்தைச் சொல்லாமல் விட்டேன். அதற்கு அடிப்படையான நிகழ்ச்சி ஓயோவில் 1946இல் நடந்ததாகச் சோயிங்காவே முன்குறிப்பில் எழுதுகிறார். ஆனால் நாடகத்தில் இரண்டாம் உலகப்போர் இன்னும் முடியவில்லை. அரங்கத் தேவைக்காகக் காலத்தைச் சற்று முன்னே தள்ளியதாக அவரே சொல்லிவிடுகிறார். போர் நடக்கும்போது, தங்கள் நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடமைக்காகச் சாவதைப் புகழ்ந்துகொண்டே, ஒரு குதிரைவீரன் கடமைக்காகச் சாவதைக் காட்டுமிராண்டித்தனம் என்று துரைமார் சொல்ல முடிகிறது. ஒலுண்டே அதைத்தான் துரைசானியிடம் சுட்டிக்காட்டுகிறான்.

28 ஜூலை

இரண்டாவது அடி.

நாடகம் முடிந்த மறுநாள் காலை, பெரியம்மா வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். ஐம்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், படிப்பு இல்லாதவர். நாடகம் எப்படி என்று கேட்டேன். பாட்டு நன்றாயிருந்தது என்றார். பிறகு தோசையைத் திருப்பிக்கொண்டே, "சாகப் போறவனுக்கு எதுக்குடா கல்யாணம்?" என்று கேட்டார்.

துரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் மூன்று மாதம் உழைத்து உருவாக்கிய வில்லன் அவர் கண்ணில் படவே இல்லை. மணப்பெண் காட்சியை நான் வைத்திருந்ததே, பெண்பிள்ளைகள் கும்மியடிக்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். நாடகத்தின் முதுகெலும்பு அங்கே இருந்தது. எலேசினுக்கு இந்த உலகத்தின் மேல் ஆசை விடவில்லை. பட்டுத்துணி, பெண், புகழ்ச்சி எல்லாவற்றிலும் அவன் கால் ஊன்றி நின்றது. துரை வந்து தடுத்தது அவனுக்கு ஒரு சாக்காக அமைந்தது. கடைசிக் காட்சியில் அவனே இதைப் பாதி ஒப்புக்கொள்கிறான், இயலோஜா மீதியை அவன் முகத்தில் எறிகிறாள்.

அன்று மாலையே புத்தகத்தை எடுத்து, நான் தாண்டிப்போயிருந்த முன்குறிப்பைப் படித்தேன். இந்த நாடகத்தைப் 'பண்பாடுகளின் மோதல்' என்று முத்திரை குத்துவதைச் சோயிங்கா அங்கே வெளிப்படையாகக் கண்டிக்கிறார். காலனி ஆட்சியின் குறுக்கீட்டைத் தாம் ஒரு தூண்டுதலாக மட்டுமே வைத்ததாகவும், இயக்குநர்கள் அந்த எளிய வழியில் இறங்கிவிட வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார். எச்சரிக்கை எனக்காகவே எழுதப்பட்டதுபோல் இருந்தது. முன்னுரையைப் படிக்காமல் தேர்வு எழுதும் மாணவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

29 ஜூலை

அவர் எழுதுவது ஆங்கிலத்திலா என்று நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமான பதில்: ஆம், ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார். கென்யாவின் கூகி வா தியாங்கோ ஆங்கிலத்தை விட்டுவிட்டுக் கிகூயு மொழிக்குத் திரும்பினார். சோயிங்கா அப்படிச் செய்யவில்லை. ஆனால் யொரூபா மொழியில் ஃபாகுன்வா எழுதிய நாவலை 1968இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. அவருடைய நடை தேவையில்லாமல் கடினமானது, ஐரோப்பியப் பாணியைத் தழுவியது என்று 1980இல் நைஜீரிய விமர்சகர் சின்வெய்சுவும் அவருடைய நண்பர்கள் இருவரும் ஒரு நூலில் கடுமையாகத் தாக்கினார்கள். அந்தத் தாக்குதலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'பொருள் உரைப்போர்' நாவலை நான் மூன்று முறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். நான்காம் முறை, செகோனி என்ற பொறியாளரின் பகுதி என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் ஒரு கிராமத்தில் மின்நிலையம் கட்டுகிறான். அது ஓடுகிறதா என்று சோதிக்காமலே, ஆபத்தானது என்று மேலிடம் தள்ளுபடி செய்துவிடுகிறது. அதன் பிறகு அவன் மனம் உடைந்து, சிற்பியாகி, ஒரு சாலை விபத்தில் சாகிறான். நாவல் எழுதத் தெரியாத நாடகக்காரர் செகோனியைப் படைத்திருக்க முடியாது. அவன் திக்குவாயன். மேடையில் அவன் நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டான், தாளில்தான் வாழ்வான்.

3 ஆகஸ்ட்

சாலை என்றதும் நினைவுக்கு வந்தது. அவருடைய 'சாலை' நாடகமும் 1965இல் வந்ததுதான். விபத்தில் நொறுங்கிய வண்டிகளின் உதிரிப்பாகங்களை விற்கும் கடை ஒன்று அதன் களம். பேராசிரியர் என்று அழைக்கப்படும் அரைப் பைத்தியம் ஒருவர், மரணத்தின் உட்பொருளைத் தேடுகிறேன் என்று, சாலைக் குறியீட்டுப் பலகைகளைப் பிடுங்கி விபத்துகளை வரவழைக்கிறார். அவ்வூர் ஓட்டுநர்களின் தெய்வம் ஓகுன். இரும்பும் சாலையும் அவனுக்குரியவை, நாயைப் பலியாக ஏற்பவன். சோயிங்காவே தம் குலதெய்வம்போல் எல்லாப் படைப்புகளிலும் இழுத்துவருவது அவனைத்தான். வண்டிச் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, வழியோர முனியாண்டிக்குச் சுருட்டுக் கொளுத்தி வைக்கும் நம் லாரிக்காரர்களுக்கு ஓகுனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த நாடகத்தை எழுதியவரையே 1988இல் நைஜீரிய அரசு கூட்டாட்சிச் சாலைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராக்கியது. நோபல் பரிசு பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் அந்த வேலையை மேற்கொண்டார். கோலகங்சார் சாலையில் நேற்று மரக்கட்டை லாரி ஒன்று என்னை ஓரங்கட்டியபோது, இங்கும் ஒரு கவிஞரை அந்த இடத்தில் உட்காரவைத்தால் என்ன என்று தோன்றியது.

4 ஆகஸ்ட்

சிறைவாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது தனியாகச் சொல்ல வேண்டியது. 1965இல் மேற்கு நைஜீரியத் தேர்தல் முறைகேடுகளுக்கு எதிராக, வானொலி நிலையத்துக்குள் நுழைந்து, முதலமைச்சரின் உரைக்குப் பதிலாக வேறொரு நாடாவை ஒலிபரப்பவைத்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட முதல் பெரிய வழக்கு. அதில் விடுதலையானார். 1967இல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும், பிரிந்துபோன பியாஃப்ராவின் தலைவரைச் சந்தித்துப் போரை நிறுத்த முயன்றதற்காகக் கைதாகி, 1969 வரை உள்ளே இருந்தார். பெரும்பகுதி தனிமைச் சிறை. கழிவறைத் தாளிலும் கிடைத்த புத்தகங்களின் வரிகளுக்கு இடையிலும் எழுதினார்.

இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தனியறையில் நாடகம் போட முடியாது. நடிகர்கள் இல்லை, பார்வையாளர்கள் இல்லை. அங்கே அவர் எழுதியவை கவிதைகள். அவற்றில் நான்கில், சிறைப்பட்ட மனிதன் முறையே யோசேப்பு, ஹாம்லெட், கல்லிவர், யுலிசிஸ் என்று வேடமிட்டுக்கொள்கிறான். அரங்கத்தைப் பறித்த பிறகும் முகமூடி அவரிடம் மிஞ்சியிருந்தது. வெளியே வந்தபின் சிறைக் குறிப்புகளை உரைநடையில் 1972இல் வெளியிட்டார், அடுத்த ஆண்டு இரண்டாம் நாவல் வந்தது. ஒரே காயம் கவிதையாகவும் குறிப்பாகவும் நாவலாகவும் மூன்று முறை ஆறப் பார்க்கிறது. எது தொழில், எது பட்டம் என்று எங்கே கோடு கிழிப்பீர்கள்?

4 ஆகஸ்ட், இரவு

மேலே 'ஆறப் பார்க்கிறது' என்று எழுதியது பிழை. 1994இல் இராணுவ ஆட்சியாளர் அபாச்சாவின் ஆட்சியில் மோட்டார்சைக்கிளில் எல்லை தாண்டி பெனினுக்குத் தப்பினார். 1997இல் அவர்மேல் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. அபாச்சா இறந்த பிறகு, 1998இல்தான் திரும்பினார். ஆறவில்லை.

11 ஆகஸ்ட்

நம் நாட்டில் இப்படி மூன்று துறையிலும் எழுதியவர் யார் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அ. சமாட் சைட் இருக்கிறாரே. கவிதை, நாவல், நாடகம் மூன்றும் எழுதியவர், 1985இல் தேசிய இலக்கியவாதி பட்டம் பெற்றவர், முதுமையில் நேர்மையான தேர்தல் கோரிய 'பெர்சே' ஊர்வலத்தில் வீதிக்கு இறங்கியவர். தமிழில் எழுதும் ஒருவருக்கு அந்தப் பட்டம் வாய்க்க வழியில்லை, ஏனென்றால் தேசிய இலக்கியம் என்பது மலாயில் எழுதப்பட்டது என்பதே வரையறை. இதைச் சொல்லும்போது எனக்குச் சோயிங்காவின் கேம்பிரிட்ஜ் அனுபவம் நினைவுக்கு வரும். 1973இல் அங்கே ஆப்பிரிக்க இலக்கியம் பற்றி விரிவுரை ஆற்றப் போனார். ஆங்கிலத் துறை அப்படியோர் இலக்கியம் இருப்பதை ஏற்கத் தயாராக இல்லை. சமூக மானிடவியல் துறைதான் அவருக்கு மேடை தந்தது. குதிரைவீரன் நாடகம் எழுதப்பட்டது அந்தக் கேம்பிரிட்ஜ் நாட்களில்தான்.

புலம்பலாக முடிக்க விருப்பமில்லை. சோயிங்காவும் புலம்பவில்லை. புலி தன் புலித்தன்மையைப் பறைசாற்றுவதில்லை, பாய்கிறது என்றவர் அவர். கறுப்பினப் பெருமையைப் பறைசாற்றிய நெக்ரிடியூட் இயக்கத்தாரைக் குத்துவதற்காகச் சொன்னது அது. புலி நடமாடிய ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

புலம்பாமல் பாயும் அந்தக் குணத்தால்தான், 1960இல் நைஜீரியச் சுதந்திர விழாவுக்காக அவர் எழுதிய 'காடுகளின் ஆட்டம்' எனக்கு மிக நெருக்கமானது. விழாவுக்குப் பெருமைமிக்க முன்னோர்களை வரவழைக்கும்படி மக்கள் கேட்கிறார்கள். வந்து நிற்பவர்களோ அடிமையாக விற்கப்பட்ட ஒரு படைத்தலைவனும் அவனுடைய கர்ப்பிணி மனைவியும். விற்றவர்கள் வெள்ளையர் அல்லர், சொந்த மன்னர்கள். விழாக் கொண்டாட்டத்தில் இதை எழுதும் துணிச்சல் அவருக்கு இருபத்தாறு வயதில் இருந்தது. எனக்கு இருபத்தொன்பதில் இல்லை. நம் ஆட்களைக் கூலிகளாகச் சேர்த்துக் கொண்டுவந்த நம்மவரான கங்காணிகளைப் பற்றி ஒரு வரிகூட என் நாடகத்தில் கிடையாது.

18 ஆகஸ்ட்

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இளைஞர் சிலர் அதே நாடகத்தை மீண்டும் வாசிப்பு அரங்காகச் செய்யலாமா என்று கேட்டு வந்தார்கள். ரப்பர்த் தோட்டம் இப்போது எண்ணெய்ச் செம்பனை, லயங்கள் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. கோயில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். சாமி உடுப்பைக் கேட்கவில்லை.

பழைய கையெழுத்துப் படியைத் தேடி எடுத்தேன். அதில் நானே மறந்துபோன ஒன்று இருந்தது. சோயிங்காவின் நாடகத்தில் மணப்பெண் வாய் திறப்பதில்லை. எல்லாரும் அவளைக் கேட்கிறார்கள், கொடுக்கிறார்கள், இரங்குகிறார்கள், அவள் பேசுவதே இல்லை. 1991இல் அந்த வேடம் போட்ட பெண், வசனமே இல்லாமல் எப்படி நடிப்பது என்று அழுததால், நான் இரண்டு வரிகளை எழுதிச் சேர்த்திருக்கிறேன். குதிரைவீரனை வணங்கி, தன் பாக்கியத்தை எண்ணி மகிழ்வதாக அவள் சொல்கிறாள். பச்சை மையில், அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அந்த இரண்டு வரிகளையும் இன்று அடித்துவிட்டேன்.